பனிமூட்டம் யாருடைய துறை?

மெலேன் தீவை ஆள பிரான்ஸ் மன்னர் இரண்டு பேரை அனுப்பியிருந்தார். ஒருவர் போதும் என்பது தீவில் இருந்த மீனவர்களுக்குத் தெரியும். ஒருவர்கூட வேண்டாம் என்பது தீவைச் சுற்றியிருந்த காட் மீன்களுக்குத் தெரியும். கடல் கடந்து பாரிஸில் உட்கார்ந்திருந்த அமைச்சரகத்துக்குத்தான் ஒரு பயம். இவ்வளவு தொலைவில் ஒரே ஆளிடம் வாளையும் சாவிக்கொத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அவன் தன்னையே மன்னன் என்று நினைத்துக்கொண்டால் என்ன செய்வது? அதனால் வாளை ஆளுநரிடம் கொடுத்தார்கள். சாவிக்கொத்தை ஆணையரிடம் கொடுத்தார்கள். விளைவு, இருவருமே தங்களை மன்னன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

படை, கோட்டை, பீரங்கி எல்லாம் ஆளுநர் கார்பினாக் பிரபுவுக்கு. கிடங்கு, நீதிமன்றம், துறைமுகம் எல்லாம் ஆணையர் பெலுவாருக்கு. இரண்டிலும் சேராதவற்றை "இருவரும் கலந்து பேசி" முடிக்க வேண்டும் என்றது அரசாணை. கலந்து பேச வேண்டுமானால் யாராவது ஒருவர் முதலில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது அரசாணை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

ஆளுநர் வந்தது ஆணையர் வந்து மூன்று வாரம் கழித்து. புதிதாக வந்தவர்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் முறை என்று ஆணையர் வீட்டிலேயே காத்திருந்தார். கீழே இருப்பவர்தான் மேலே இருப்பவரைப் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் முறை என்று ஆளுநரும் காத்திருந்தார். துறைமுக வாயின் ஒரு பக்கத்தில் கோட்டை முனை, அங்கே ஆளுநர். எதிர்ப்பக்கத்தில் கிடங்கு முனை, அங்கே ஆணையர். நடுவில் படகு நுழையும் கால்வாய். ஒருவர் பலமாக இருமினால் மற்றவருக்குக் கேட்கும். இப்படியே நான்கு வருடம் இருமிக்கொண்டிருந்தார்கள்.

சிப்பாய்களின் கூரை ஒழுகியது. சிப்பாய்கள் ஆளுநருடையவர்கள், பலகைகள் ஆணையருடையவை. எனவே சிப்பாய்கள் மழை நாளில் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் தூங்கினார்கள். ஒரு முறை யாரோ வளர்த்த பன்றி கோட்டைக்குள் புகுந்தது. அது ஊடுருவல் என்று காவலாளி சுட்டுவிட்டான். சுட்ட கணத்தில் அது இறைச்சி ஆகிவிட்டது, இறைச்சி கிடங்குச் சரக்கு, கிடங்கு ஆணையருடையது. யார் எடுப்பது என்று முடிவாவதற்குள் அது யாருமே எடுக்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. போன குளிர்காலத்தில் தேவாலய மணி உறைபனியில் விரிசல் விட்டது. மணி பூசைக்கு அடித்தால் ஆணையரின் துறை, அபாயத்துக்கு அடித்தால் ஆளுநரின் துறை. புது மணிக்கு யார் எழுதுவது? இன்னும் யாரும் எழுதவில்லை.

பெரினுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து இருவரைப் போலவும் இருமிக் காட்டுவாள், அவள் கணவன் மாலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கோடையின் தொடக்கத்தில் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான்.

அன்று காலை பெரினுக்கும் மாலோவுக்கும் உப்பு பற்றிச் சண்டை. மீனுக்குப் போட உப்பு வாங்கி வரச் சொல்லி மூன்று நாளாகியும் மாலோ வாங்கி வரவில்லை.

"இந்த மீனெல்லாம் நாறினா உன் தலைல கட்டிவிடுறேன்," என்றாள் பெரின்.

"கட்டு. குளிருக்கு நல்லாருக்கும்," என்று மாலோ தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"போ, போ. அப்படியே போயிடு. நீ வராட்டி எனக்கு ஒருத்திக்கு சமைச்சா போதும்."

கோபத்தில் சொன்னது. அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

மதியத்துக்குக் கொஞ்சம் பின்னால் பனி வந்தது. மெலேன் தீவில் பனி வருகிறது என்று சொல்ல முடியாது, கடல் காணாமல் போகிறது என்றுதான் சொல்ல வேண்டும். மீன் காய வைக்கும் பரண் மேல் நின்றிருந்த பெரின் குனிந்து ஒரு மீனைப் புரட்டிப் போட்டு நிமிர்ந்தாள். அதற்குள் துறைமுகம் இல்லை, பக்கத்து வீடு இல்லை. தன் கை நுனியில் இருந்த மீன்கூட யாரோ தூரத்து உறவினர் மாதிரி தெரிந்தது.

கடலில் எட்டுப் படகுகள் இருந்தன.

பெண்கள் எல்லோரும் சட்டி, கரண்டி, வாளி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்கரைக்கு ஓடி வந்தார்கள். தட்டினார்கள், கத்தினார்கள். உள்கரையைச் சுற்றிப் பாறைச் சுவர். சத்தம் பாறையில் மோதிப் பத்துத் திசையிலிருந்தும் திரும்பி வந்தது. தங்கள் சத்தத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்களே பதில் சொல்வது போல் இருந்தது.

"ஏண்டி பெரின்," என்றாள் பக்கத்து வீட்டு ஜிலெத், வாளியைத் தட்டிக்கொண்டே. "என் ஆளு கிட்டக்கதான் போட்டிருப்பான், அவன் சோம்பேறி. உன் ஆளு?"

"கிழக்கு மேடு தாண்டி."

"ஐயய்யோ. ஏன்தான் இவ்வளவு தூரம் போறானோ."

"பக்கத்துல இருக்கற மீனெல்லாம் உன் புருஷனுக்கு வேணுமாம்," என்றாள் பெரின். 

துறைமுக வாய்க்கு வெளியே ஓநாய்ப் பல் என்று இரண்டு வரிசைப் பாறைகள். வெயில் நாளில் அவற்றைப் பார்த்தபடி குழந்தைகூடப் படகை உள்ளே கொண்டுவரும். பனியில் மணிச்சத்தம் வேண்டும். மணிக்கு விரிசல். இந்தத் தீவில் அதைவிடப் பெரிதாகக் கத்தக்கூடியது ஒன்றுதான் மிச்சம். பெரின் கரண்டியைப் போட்டுவிட்டுக் கோட்டை முனைக்கு ஓடினாள்.

பீரங்கியில் சாய்ந்தபடி ஒரு சிப்பாய் காலணியைக் காய வைத்துக்கொண்டிருந்தான். படையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, இவன் பெயர் கவலையில்லான்.

"அண்ணே, பீரங்கிய வெடிங்க. படகெல்லாம் வெளிய மாட்டிக்கிச்சு."

"வெடிச்சிட்டா போச்சு," என்றான் அவன். "பீரங்கி இருக்கு, நான் இருக்கேன், திரி இருக்கு. வெடிமருந்து மட்டும் இல்ல."

"கோட்டைல மருந்து இல்லையா?"

"அது ஆணையர் கிடங்குல. பீரங்கியையும் மருந்தையும் ஒரே எடத்துல வெச்சா யாரையாவது சுட்டுடுவோம்னு பாரிஸ்ல பயப்படறாங்களாம். நீ உள்ள போய் பிரபுகிட்ட கேளு. ஆனா முடிய பாத்து சிரிச்சிடாதம்மா."

ஆளுநர் கார்பினாக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். மரியாதையுள்ள மனிதர் பொய்முடிக்கு வெள்ளை மாவு தூவிக்கொள்ள வேண்டும். மாவு கிடங்கில், கிடங்கு ஆணையரிடம். எனவே ஆளுநர் இரண்டு வருடமாக உப்பு தூவிக்கொண்டிருந்தார். பனிக்காற்றுக்கு உப்பு கசிந்து, அவர் நெற்றியில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

பெரின் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். ஆளுநர் பொறுமையாகக் கேட்டார். மிகவும் பொறுமையானவர். கடலிலிருந்து வர வேண்டிய யாருக்காகவும் அவர் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

"ஏம்மா, எதிரி உள்ள வரப் பாத்தா நான் சுடுவேன். அது என் வேலை. நம்ம ஆளுங்க உள்ள வரணும்னா அது துறைமுகப் போக்குவரத்து. அது அந்தாளு வேலை."

"பனிதான் பிரபு எதிரி. அதை சுடுங்க."

"எதிரின்னா கொடி இருக்கணும். இந்தப் பனிகிட்ட கொடி இருக்கா?"

"இருந்தாலும் தெரியாதே பிரபு, பனியா இருக்கு."

"பாத்தியா? கொடி காட்டாம வர்றவனை எதிரின்னு நான் ஏத்துக்க முடியாது. ஏத்துக்கிட்டா நாளைக்கு மழையும் தன்னை எதிரின்னு சொல்லிட்டு வரும். ராணுவத்துக்கு ஒரு ஒழுங்கு வேணாமா?"

"எல்லாம் வேணும் பிரபு. ஆனா எட்டுப் படகு..."

"எட்டா?" ஆளுநர் உண்மையிலேயே வருந்தினார். நெற்றியில் வடிந்ததைப் பார்த்தால் அழுகிறார் என்றே தோன்றும். "என் இதயம் நொறுங்குது. இந்தத் தீவுல ஒவ்வொரு மீனவனும் என் பிள்ளை."

"அப்ப மருந்து அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க பிரபு."

"நானா? அந்தாளுகிட்ட? முதல்லயா?" ஆளுநர் எழுந்து நின்றுவிட்டார். "நாலு வருஷம்! நாலு வருஷமா நான் இந்த நாற்காலில மன்னரோட மானத்தைக் காப்பாத்திட்டிருக்கேன். எட்டுப் படகுக்காக அதை விட்டுர முடியுமா? இப்படிப் பண்ணலாம். அவரே மருந்து அனுப்பட்டும். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வேணாம்னு சொல்ல மாட்டேன்னு நான் சொன்னதா சொல்லாத."

பெரின் கரையைச் சுற்றிக் கிடங்கு முனைக்கு ஓடினாள். கால் மணி நேர ஓட்டம். வழியில் ஜிலெத்தின் கணவனின் படகு எப்படியோ கரை தட்டியிருந்தது, சோம்பேறித்தனத்துக்கும் கடவுள் துணை உண்டு. மீதி ஏழும் வெளியே.

ஆணையர் வீட்டு வாசலில் ஒரு காவலாளி விறைப்பாக நின்றிருந்தான். "ஐயா உள்ள இருக்காங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டாள். அப்புறம்தான் அவனுடைய காலர் வழியே வைக்கோல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். ஆணையர் வாசலுக்கு ஒரு காவலாளி என்பது முறை. காவலாளியை ஆளுநர்தான் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை. எனவே ஆணையர் தானே ஒருவனைச் செய்து நிறுத்தியிருந்தார்.

ஆணையர் பெலுவார் ஒல்லியாக, சளி பிடித்து, கழுத்தில் கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"பனி," என்றார் அவர், ஏதோ ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது போல. "இது வெளியிலேர்ந்து தீவுக்குள்ள வந்திருக்கு. வர்ற எதுவும் துறைமுகத்துல வரி கட்டணும். இது கட்டலை. சட்டப்படி இது கடத்தல்."

"சரிங்கய்யா. கடத்தல்."

"கடத்தல்காரனைப் பிடிக்க சிப்பாய் வேணும். சிப்பாய் யார்கிட்ட?"

"ஆளுநர்கிட்ட."

"அப்ப இங்க ஏன் வந்தே?" ஆணையர் திருப்தியாக மூக்கைச் சிந்தினார். "பொண்ணே, நான் கல்நெஞ்சன் இல்ல. நேத்துகூட இந்தத் தீவு ஜனங்களோட நலன் பத்தி நாலு பக்கம் எழுதினேன். ஆனா மருந்து ரெண்டுக்குத்தான் வெளிய போகும். ஒண்ணு போர், ஆளுநர் பணிவா கேட்டா. இன்னொண்ணு மரியாதை, பட்டியல் பிரகாரம்."

"என்ன மரியாதைங்கய்யா?"

"குண்டு மரியாதை. இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு வெடின்னு கணக்கு இருக்கு."

"அதுல மீனவனுக்கு எத்தனை?"

ஆணையர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. கோட்டை முனையிலிருந்து உடனே பதில் இருமல் ஒன்று கேட்டது.

பெரினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். "மன்னர் பொறந்தநாளுக்கு ஆளுநர் வெளிய வந்தப்ப பதினோரு வெடி வெடிச்சாங்களேய்யா. கிழக்கு மேடு வரைக்கும் கேட்டுச்சுன்னு மாலோ சொன்னான். அதுல பாதி போட்டாகூட..."

"எத்தனை?"

"பாதி..."

"அதுக்கு முன்னாடி. எத்தனை வெடிச்சாங்கன்னு சொன்னே?"

"பதினொண்ணுங்க."

ஆணையர் கம்பளியை அவிழ்த்தார். "ஆளுநருக்கு ஒன்பது! ஒன்பதுக்குத்தான் மருந்து கொடுத்தேன்! அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், எண்ணாம விட்டுட்டேன். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா கிள்ளி எடுத்து, ரெண்டு மரியாதை திருடியிருக்கான்! எனக்கு எத்தனை தெரியுமா? ஏழு. நான் இந்தத் தீவுல கால் வெச்ச அன்னிக்கு வெடிச்சிருக்கணும். வெடிச்சாங்களா? ஒரு நாய்கூட குரைக்கலை."

பெரின் மீனவன் மனைவி. தூண்டில் கயிறு கையில் லேசாக அதிர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அநியாயம்ங்கய்யா," என்றாள். "அதை இன்னிக்கே வெடிச்சா என்ன?"

"இந்தப் பனியிலயா? யாரும் பாக்க மாட்டாங்களே."

"மரியாதை காதுக்குத்தானேய்யா. அதுவும் பீரங்கி ஆளுநர் ஜன்னலுக்கு நேர் கீழ இருக்கு."

ஆணையர் கொஞ்ச நேரம் அந்தக் காட்சியை மனதுக்குள் ரசித்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்தார்.

கிடங்குக்காரன் தள்ளுவண்டியில் மருந்துப் பீப்பாயை ஏற்றினான். பெரினும் சேர்ந்து தள்ளினாள். கவலையில்லான் காலணியைப் போட்டுக்கொண்டு, ஏழு வெடிக்கு மருந்தை அளந்துவைத்துத் திரியைப் பற்றவைத்தான். முதல் வெடியில் கோட்டை ஜன்னல் திறந்தது.

"யாருக்குடா வெடி?"

"ஆணையருக்கு ஏழு, பிரபு!"

"என் பீரங்கியில? என் ஜன்னலுக்கு கீழயா?" ஆளுநர் ஒரு காலில் மட்டும் காலுறையோடு இறங்கி வந்தார். "நிறுத்து! வெடிச்சது எனக்கு. இனிமே வெடிக்கறதும் எனக்கு. ஒன்பது!"

"மருந்து ஏழுக்குத்தான் பிரபு."

"மெலிசா போடு!"

ஒன்பது வெடித்தது. ஐந்தாவது வெடிக்கு ஒரு படகு பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. எட்டாவதுக்கு இன்னொன்று. ஆனால் பெரின் அதற்குள் மறுபடி கரையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். ஆணையர் தன் முனையின் படகுத்துறை நுனியில் நாற்காலி போட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது எண்ணினேன். எனக்கு ஏழுதானே?"

"உங்களுக்கு ஒண்ணுகூட இல்லைங்கய்யா," என்றாள் பெரின், வருத்தமான முகத்தோடு. "எல்லாத்தையும் அவரே எடுத்துக்கிட்டார்."

இதற்குப் பிறகு அவள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஆணையர் தனக்கு ஏழு, பறிபோனதற்கு ஈடாக இரண்டு என்று இரண்டு பீப்பாய் அனுப்பினார். ஆளுநர் அதை வெடிக்க விட்டார், ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் தனக்கு ஒன்று வெடிக்கச் சொன்னார். ஆணையர் தன் மனைவியின் பெயருக்கு மூன்று கேட்டார். ஆளுநருக்கு மனைவி இல்லை, எனவே தன் அம்மாவுக்கு ஐந்து வெடித்தார். ஆணையர் நீதிமன்றத்தின் கௌரவத்துக்காகக் கேட்டார். ஆளுநர் போரில் இறந்த தன் மாமாவுக்காக வெடித்தார். தள்ளுவண்டி போய்ப் போய் வந்தது. ஆங்கிலேயன் வந்தால் தீவைக் காப்பாற்ற வைத்திருந்த மருந்து முழுவதும் அந்த மாலை வானத்துக்குப் போனது. படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. உள்கரையில் ஜிலெத் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏழு வந்தாச்சுடி!" என்று பெரினைப் பார்த்துக் கத்தினாள். 

வராத ஒன்று மாலோவின் படகு.

பெரின் கோட்டை முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கவலையில்லான் கடைசிப் பீப்பாயைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஆளுநர் அவன் பக்கத்தில் நின்றிருந்தார். கரிப்புகை ஏறி அவருடைய பொய்முடி கறுப்பாகியிருந்தது. ஒரு வகையில் இளமையாகத் தெரிந்தார்.

"கடைசி ரெண்டு வெடியும் யாருக்கு பிரபு?" என்று கேட்டான் கவலையில்லான். மாலை முழுக்க வெடித்து அவனுக்குக் காது அடைத்திருந்தது, எனவே தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டான்.

ஆளுநருக்கும் காது அடைத்திருந்தது. "என் குதிரைக்கு!" என்று கத்தினார்.

இரண்டு வெடி வெடித்தது. மருந்து தீர்ந்தது.

எதிர்முனையில், பனிக்குள்ளிருந்து, நான்கு வருடத்தில் முதல் முறையாக அந்தக் குரல் நேராக வந்தது.

"குதிரைக்கா?"

ஆளுநர் உறைந்து நின்றார். மெல்ல அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு பரவியது. "கேட்டீங்களா எல்லாரும்? அந்தாளுதான் முதல்ல பேசினான்! பெலுவார் அவர்களே, நீர்தான் முதல்ல பேசினீர்! நான் ஜெயிச்சுட்டேன்!"

"உங்ககிட்ட யார் பேசினது? நான் குதிரைகிட்ட பேசினேன்!"

"குதிரை லாயத்துல இருக்கு!"

"அதுகிட்ட பேசறதே மேல்!"

பெரின் இதைக் கேட்கவில்லை. பாறை நுனியில் மண்டியிட்டுக் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாலோ!" என்று கூப்பிட்டாள். ஓடி ஓடி, கத்திக் கத்தி, அவள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அப்போது கேட்டது. மிகக் கிட்டத்தில் ஒரு கொம்பின் ஓசை. கன்றுக்குட்டிக்குச் சளி பிடித்தது போன்ற ஓசை. மாலோவின் கொம்பு. புதிதாக ஒன்று வாங்கு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

வெடிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்துவிட்டான். வாசல் வரை வந்துவிட்டான். இப்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வடியும் நீர் படகை ஓநாய்ப் பல்லை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும்.

"பிரபுகிட்ட சொல்லி ஏதாவது..." என்று திரும்பினாள். அப்போதுதான் கவனித்தாள். இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு குரல். நடுவில் கால்வாய். இருவரும் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் கொம்பு கால்வாய்க்கு இன்னும் கொஞ்சம் நேராக ஒலித்தது.

அந்த நேரம் பார்த்து ஆளுநர் மேலங்கியைச் சரிசெய்துகொண்டார். "சரி. கௌரவமானவன் கடலைத் தாண்டிக் கத்த மாட்டான். நான் உள்ள போறேன்."

எதிர்ப்பக்கத்திலும் நாற்காலி மடக்கும் சத்தம் கேட்டது.

கொம்பு மறுபடி ஒலித்தது. தப்பான பக்கத்திலிருந்து.

பெரின் ஆளுநரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு மீனவப் பெண் ஆளுநரைத் தொட்டது அந்தத் தீவின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. "பிரபு," என்றாள் கரகரத்த குரலில். "அவர் என்னமோ சொன்னாரே, உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன சொன்னான்?"

"சொல்ல வாய் வரலை பிரபு. உங்க தலைல இருக்கறது மாவு இல்ல, உப்புன்னு."

ஆளுநர் பாறை நுனிக்கே வந்துவிட்டார். "உப்பா? ஆமாடா, உப்புதான்! மாவு குடுக்காத மாவுத் திருடா! ரெண்டு வருஷமா என் தலை ஊறுகாய் ஆயிட்டிருக்கு!"

நாற்காலி மறுபடி விரியும் சத்தம். "மாவா? என் வாசலுக்கு ஒரு சிப்பாய் அனுப்ப வக்கில்ல, உமக்கு மாவா? நாலு வருஷமா வைக்கோலுக்கு வணக்கம் சொல்லிட்டிருக்கேன்!"

"வைக்கோலாவது உம்ம சகிச்சிட்டு நிக்குதே!"

"உப்புத் தலையா!"

"சாவிக்கொத்து!"

"பன்றி கொன்றவரே!"

"அந்தப் பன்றிய அழுக விட்டது யாரு?"

இனி யாரும் அவர்களைத் தூண்ட வேண்டியதில்லை. நான்கு வருடத்துப் பேச்சு. கூரை, பலகை, மணி, தேவாலயத்தில் யாருடைய நாற்காலிக்கு மெத்தை தடிமன் என்பது வரை எல்லாம் வந்தது. அரசாணை சொன்ன "கலந்து பேசுதல்" கடைசியில் இப்படி நடந்தேறியது. ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் தொடங்கினார். கவலையில்லான் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெரின் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் துடுப்புச் சத்தம். பிறகு பனியில் ஒரு கறுப்புக் கோடு. பிறகு படகின் மூக்கு. இரண்டு முனைக்கும் சரியாக நடுவில், அளந்து வைத்தது போல, அது உள்ளே வந்தது.

அவள் உள்கரைக்கு வந்தபோது மாலோ முழங்கால் தண்ணீரில் நின்று படகை இழுத்துக்கொண்டிருந்தான். கூட இருந்த இரண்டு பேரும் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். அவளைப் பார்த்ததும் நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வெடி நின்னதும் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்," என்றான். "அப்பறம் இடது பக்கம் ஒருத்தன் 'மாவுத் திருடா'ங்கறான். வலது பக்கம் ஒருத்தன் 'உப்புத் தலையா'ங்கறான். ரெண்டுக்கும் நடுவுல வந்தேன். யாருடி அவங்க?"

"நம்மள ஆளறவங்க."

மாலோ கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டான். சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் ஆளறாங்க," என்றான். "அங்கயும் உப்பு சண்டையா?"

பெரினுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது. அவன் நனைந்த மார்பில் இரண்டு குத்து குத்தினாள். "காலைல சொன்னது வாபஸ்," என்றாள். குரல் இல்லாததால் அவனுக்குப் பாதிதான் கேட்டது. பாதி போதுமாக இருந்தது.

அடுத்த கப்பலிலேயே இருவரும் பாரிஸுக்குத் தனித்தனியாகத் தெரிவித்தார்கள். தன்னுடைய முன்யோசனையால் எட்டுப் படகுகள் காப்பாற்றப்பட்டன என்று ஆளுநர். தன்னுடைய முன்யோசனையால் என்று ஆணையர். வசந்தத்தில் பதில் வந்தது. வாளும் சாவிக்கொத்தும் கடைசியில் இவ்வளவு இணக்கமாக வேலை செய்தது கண்டு அமைச்சர் நெகிழ்ந்து போனாராம். அந்த மருந்தெல்லாம் எந்தப் போரில் செலவானது என்று மட்டும் விளக்கச் சொன்னார். பரிசாகத் தீவுக்குப் புது மணி ஒன்றும் வந்தது. மணி பூசைப் பொருள் என்று ஆணையருக்கு இறக்கினார்கள். அதன் நாக்கு இரும்பு, எனவே படைச் சரக்கு என்று ஆளுநருக்கு இறக்கினார்கள். இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

மருந்து வரவேயில்லை. கோடை வந்தது. ஒரு மதியம் பெரின் பரண் மேல் நின்று குனிந்து நிமிர்ந்தாள், கடல் காணாமல் போயிருந்தது.

மாலோ கடலில்தான் இருந்தான், ஆனால் இந்த முறை அவள் ஓடவில்லை. பரணில் தேடி இரண்டு காட் மீன்களை எடுத்தாள். ஒன்றைவிட ஒன்று ஒரு கை நீளம் பெரிது. ஜிலெத்தைக் கூப்பிட்டாள்.

"பெரிசை ஆணையர் வீட்டுல குடு. போன வருஷம் எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்துனதுக்குன்னு சொல்லு. இந்தச் சின்னதை நான் ஆளுநர்கிட்ட குடுத்துட்டு வரேன். பெரிசு எங்க போச்சுன்னு கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

"அடிப்பாவி. இனிமே எப்பவும் ஆணையருக்கேவா பெரிசு?"

"அடுத்த பனிக்கு மாத்திடலாம்டி. நியாயம்னு ஒண்ணு வேணாமா?"

அரை மணியில் அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அடுப்பில் மீன் குழம்பை ஏற்றினாள். கதவைத் திறந்து வைத்தாள். குழம்பு கொதி வருவதற்கு முன்பே கோட்டைப் பக்கத்திலிருந்து முதல் குரல் எழும்பியது. கிடங்குப் பக்கம் உடனே பதில் சொன்னது. பெரின் ஒரு நிமிடம் நின்று கேட்டாள், இரண்டும் சரியான உயரத்தில் இருந்தன.

மேசையில் இரண்டாவது தட்டை எடுத்து வைத்தாள்.